முப்பது ரூபாய் ஊணு: சித்தூர் தாலுகாவில் ஒரு ஜனகீய ஹோட்டல்

மகளைக் கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறேன். மாதம் ஒரு முறையாவது பொள்ளாச்சியில் பஸ் ஏறி, கோபாலபுரம் எல்லையைத் தாண்டி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே போய் இறங்குவேன். இறங்குகிற இடத்துக்கு எதிரிலேயே குடும்பஸ்ரீ என்கிற கேரள மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் நடத்தும் ஜனகீய ஹோட்டல், அதாவது மக்கள் உணவகம், இருக்கிறது. மதியச் சாப்பாட்டை அங்கே முடித்துக்கொண்டுதான் மகள் வீட்டுக்கு நடப்பேன். சமைத்து வைத்துக் காத்திருக்கிறேனே என்று மகளுக்கு வருத்தம்தான். ஆனால் 31 வருடம் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள் நான். நூறு பேருக்கு உலை வைக்கிற அடுப்படியைக் கண்டால் எட்டிப் பார்க்காமல் என்னால் போக முடியாது.

முதலில் சாப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். ஊணு, அதாவது மதியச் சாப்பாடு, 30 ரூபாய், பார்சல் 35. பருமனான அரிசிச் சோறு, அதன் மேல் சாம்பார் அல்லது மோர்க்கறி என்கிற மோர்க்குழம்பு, ஒரு உப்பேரி, கொஞ்சம் அச்சார் என்கிற ஊறுகாய். உப்பேரி என்றால் நம் பக்கத்துப் பொரியல். பயறும் முட்டைக்கோசும் மாறி மாறி வரும், தேங்காய்த் துருவல் தாராளமாக இருக்கும். சோறு இரண்டாம் முறையும் போடுவார்கள். குடிக்கச் சீரகம் போட்டுக் கொதித்த தண்ணீர், இளஞ்சூட்டில். கஞ்சி சரியாக வடித்திருப்பதால் சோறு குழைவதில்லை. மோர்க்கறி நான் சாப்பிட்ட ஒரு நாள்கூடத் திரிந்து போயிருக்கவில்லை. பெரிய பாத்திரத்தில் மோர்க்கறி திரியாமல் இறக்குவது லேசான காரியம் இல்லை, செய்தவர்களுக்குத் தெரியும்.

மேசைகளைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார்கள். இலை போடுவதில்லை, எவர்சில்வர் தட்டுதான். கழுவுகிற இடத்தையும் போய்ப் பார்த்தேன். கடைசியாக வெந்நீரில் முக்கி எடுக்கிறார்கள். தட்டு விஷயத்தில் எனக்கு முழுத் திருப்தி.

சாப்பிட வருகிறவர்களைச் சொல்ல வேண்டும். தேங்காய் பறிக்கிறவர்கள், லாட்டரிச் சீட்டு விற்கிற ஒரு பெரியவர், கட்டட வேலைக்கு வந்த வடநாட்டுப் பையன்கள், ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டுத் திரும்புகிறவர்கள். பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் மலையாளம். பரிமாறுகிற பெண்கள் ஆளைப் பார்த்துப் பேச்சை மாற்றிக்கொள்கிறார்கள்.

நான் இங்கே முதலில் சாப்பிட்டபோது ஊணு 20 ரூபாய். கேரள அரசு 2020-21 பட்ஜெட்டில் அறிவித்த திட்டம் இது. பசியில்லாக் கேரளம் என்று சொல்லி ஆயிரம் ஹோட்டல் என்றார்கள். கொரோனா காலத்தில் வேகம் பிடித்து ஆயிரத்துக்கும் மேல் திறந்தார்கள். அரிசியை சப்ளைகோ என்கிற கேரள அரசின் நுகர்பொருள் வாணிபக் கழகத்திலிருந்து கிலோ 10 ரூபாய் 90 காசுக்குக் கொடுத்தார்கள். கட்டடம், கரண்ட், தண்ணீர் உள்ளாட்சியின் பொறுப்பு. சாப்பிடுகிறவர் 20 ரூபாய் தந்தால் அரசு 10 ரூபாய் மானியம் தந்தது. 2023 ஆகஸ்டில் அந்த மானியத்தை நிறுத்திவிட்டு, ஊணை 30 ரூபாய்க்கு விற்றுக்கொள்ளலாம் என்றார்கள். அதற்கு முன் தர வேண்டிய மானியப் பாக்கிக்காகப் பல இடங்களில் பெண்கள் போராடியது செய்திகளில் வந்தது.

அன்றும் 30 ரூபாய்தான், இன்றும் 30 ரூபாய்தான், இதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நான் கணக்கு நோட்டு எழுதியே வயதானவள், அதனால் சொல்கிறேன். உழைக்கிற ஆளுக்கு ஒரு வேளைக்குக் கால் கிலோ அரிசி வேண்டும். அரிசி மட்டும் மூன்று ரூபாய்க்குள் அடங்கிவிடும். ஆனால் காய், பருப்பு, தேங்காய், எண்ணெய், காஸ்? 2025ல் தேங்காய் எண்ணெய் லிட்டர் நானூறு ரூபாயைத் தாண்டியது. சுற்றிலும் தோப்பு இருக்கிற ஊரிலேயே அந்த விலை. நான் எப்படிப் போட்டுப் பார்த்தாலும் சாமான் செலவே முப்பதைத் தொட்டுவிடுகிறது. ஐந்து பெண்கள் காலை ஆறு மணிக்கு வந்து மாலை நாலு மணி வரை நிற்கிறார்களே, அந்தக் கூலி எங்கிருந்து வருகிறது?

ஒரு நாள் கேட்டேவிட்டேன். "ஏங்கண்ணு, கட்டுப்படியாகுதா?" சமையல் பார்க்கிற பெண் கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னாள்: "மீன் வித்தாத்தான் டீச்சரம்மா எங்களுக்குக் கூலி." பொரித்த மீனையும் ஆம்லெட்டையும் தனி விலைக்கு விற்கிறார்கள். அது விற்காத நாளில் ஆளுக்கு நூறு ரூபாய்கூட நிற்பதில்லையாம். அப்படியென்றால் முப்பது ரூபாய் ஊணுக்கு மானியம் தருவது இன்று அரசு இல்லை. இந்த ஐந்து பெண்களின் உழைப்புதான்.

எனக்கு ஆறாத விஷயம் இதுதான். ஏழைக்கு இந்த விலையில் சோறு போட வேண்டும் என்று அரசு முடிவு செய்கிறது. நல்ல முடிவு, கும்பிடுகிறேன். அப்படியானால் சமைக்கிறவளின் கூலியையும் அரசே எண்ணி வைக்க வேண்டும். நீங்கள் தொழில்முனைவோர், லாபமும் உங்களுடையது நஷ்டமும் உங்களுடையது என்கிறார்கள். விலையை நிர்ணயிக்கும் உரிமை இல்லாதவர் எப்படித் தொழில்முனைவோர் ஆவார்? தமிழ்நாட்டில் 2013ல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய். அங்கே நஷ்டத்தை மாநகராட்சி சுமக்கிறது. குழுப் பெண்களுக்குத் தினக்கூலி உண்டு. அந்தக் கூலி போதாது என்பது வேறு பேச்சு. விற்றாலும் விற்காவிட்டாலும் கூலி உண்டு என்பது பெரிய வித்தியாசம். சத்துணவு ஊழியர்களான நாங்களும் காலமுறை ஊதியம் வேண்டும் என்று எத்தனை வருடம் தெருவில் உட்கார்ந்தோம்! பெண்கள் சமைத்தால் அது வேலை இல்லை, சேவை என்று சொல்கிற பழக்கம் எல்லைக்கு இந்தப் பக்கமும் இருக்கிறது, அந்தப் பக்கமும் இருக்கிறது.

என் சம்பந்தி இதை ஒப்புக்கொள்வதில்லை. அவர் அதே ரோட்டில் மெஸ் வைத்திருக்கிறார், சாப்பாடு 80 ரூபாய். "வாடகை நான் கட்டுறேன், கரண்ட் பில் நான் கட்டுறேன். அரசாங்கம் பக்கத்திலேயே கடை போட்டா நான் என்ன பண்றதுங்க?" என்கிறார். அவர் பேச்சில் நியாயம் இருக்கிறது. அவரிடமும் இரண்டு பேர் கூலிக்கு நிற்கிறார்கள். இந்த மாதிரி ஹோட்டலை மெஸ்களுக்கு நடுவே வைக்காமல் ஆஸ்பத்திரி வாசலிலும் சந்தையிலும் வைத்திருக்கலாம் என்பதில் நானும் அவர் பக்கம்தான். ஆனால் சோறு போடுவது அரசின் வேலையே இல்லை என்று அவர் சொல்லும்போது என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. 1982ல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோதும் இதையேதான் கேட்டார்கள், காசுக்கு எங்கே போவது என்று. அந்தக் காசு எங்கே போனது என்று எனக்குத் தெரியும். என் மையத்தில் சாப்பிட்டுப் படித்த பிள்ளைகளின் உடம்பில் போனது, படிப்பில் போனது. லாட்டரிப் பெரியவர் 80 ரூபாய் மெஸ்ஸுக்கு எந்தக் காலத்திலும் வரப்போவதில்லை. 20 ரூபாயாக இருந்தபோது தினமும் வந்தவர், இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறார். மற்ற நாளில் டீயும் வடையுமாம்.

குறை என்றால், மதியம் ஒன்றரைக்கு மேல் போனால் உப்பேரி தீர்ந்திருக்கும். காற்றோட்டமும் போதாது, அடுப்புப் பக்கம் ஒரு புகைபோக்கி வைக்க வேண்டும். பெண்களின் கண்ணெல்லாம் சிவந்து கிடக்கிறது.

போகிறவர்கள் பன்னிரண்டரைக்குப் போங்கள். பார்சல் என்றால் தூக்குச்சட்டி கொண்டுபோங்கள். சில்லறையாகக் கொடுங்கள். கையில் காசு இருந்தால் மீன் வாங்குங்கள். மத்தி பொரித்தது அங்கே நன்றாக இருக்கும்.