பூடான் டூருக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் பூடானுக்கு குரூப் டூர் என்று வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் சுற்றிக்கொண்டிருக்கிறது. "ஃபிளைட், ஹோட்டல், சாப்பாடு, பெர்மிட் எல்லாம் சேர்த்து" என்று போட்டிருப்பார்கள். அப்படி முழுப் பணமும் கட்டிப் போன எங்கள் குடும்பம் எல்லையில் பட்ட பாடு வேறு யாருக்கும் வர வேண்டாம்.

என்னென்ன அட்டை வேண்டும் என்று ஏஜென்டிடம் கேட்டுக் கேட்டுத்தான் கிளம்பினோம். "ஆதார் போதும்ணா, பூடான் நம்ம ஊரு மாதிரிதான்" என்றார். போதாது. இந்தியர்களுக்கு அங்கே பாஸ்போர்ட் வேண்டும், இல்லையென்றால் ஒரிஜினல் வாக்காளர் அட்டை. பாஸ்போர்ட் இல்லாத பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ். மேற்கு வங்கத்தில் பாக்டோக்ரா ஏர்போர்ட்டில் இறங்கி, வேனில் நம்ம பக்க எல்லை ஊரான ஜெய்கான் போய், கேட்டைத் தாண்டி பூடான் பக்கம் புன்ட்ஷோலிங் பெர்மிட் கவுன்டரில் வரிசையில் நின்றால், அத்தையின் ஆதாரை அந்த அதிகாரி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு மரியாதையாகவே திருப்பிக் கொடுத்துவிட்டார். வாக்காளர் அட்டை காவேரிப்பட்டணம் வீட்டு பீரோவில் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லி போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னோம், செல்லாது என்றார்கள். அத்தையும் மாமாவும் ஜெய்கான் லாட்ஜிலேயே தங்கிவிட்டார்கள். பல வருஷம் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம் அது, அத்தை அழுதது இன்னும் மனசை அறுக்கிறது.

அடுத்தது எஸ்டிஎஃப். பூடான் அரசு சுற்றுலா வருகிறவர்களிடம் வாங்கும் கட்டணம் இது, இந்தியர்களுக்கு ஆளுக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய், 6 முதல் 12 வயது வரை பாதி. 2022 செப்டம்பரிலிருந்து இருப்பதுதான், டூர் நடத்துகிறவருக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. 5 இரவு என்றால் ஒரு ஆளுக்கு 6,000. அதை நாங்கள் கவுன்டரில் தனியாகக் கட்டினோம். போன் போட்டால், "அது கவர்ன்மென்ட் வரி, பேக்கேஜ்ல வராது சார்" என்கிறார். பணம் வாங்கும்வரை அண்ணா, வாங்கியபின் சார்!

வேனும் அப்படித்தான். கடைசிவரை அதே வேன் என்றவர், எல்லையில் பூடான் டாக்ஸிக்கு மாறச் சொல்லி அதற்கும் எங்களிடமே வாங்கினார். இந்திய வண்டி உள்ளே போனால் நாளுக்கு 4,500 கட்ட வேண்டும், அதைத் தவிர்க்கத்தான்.

பணம் கட்டுமுன் ரசீதில் "எஸ்டிஎஃப் உட்பட" என்று எழுதி வாங்குங்கள், எழுத மாட்டேன் என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். வாட்ஸ்அப் மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். நாங்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டோம், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகப் போகிறோம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது. பர்கூர், ஊத்தங்கரை பக்கம் அடுத்த குரூப்புக்கு ஆள் சேர்ப்பதாகக் கேள்வி. முன்பணம் கொடுத்தவர்கள் இருந்தால், எஸ்டிஎஃப் யார் கட்டுவது என்று இன்றைக்கே எழுத்தில் கேளுங்கள்.