‘இமயமலைக் காட்டு ஐரிஸ்’ விற்கிறார்கள்: தில்லித் தமிழர்கள் கவனத்துக்கு

மயூர் விஹார் பக்கம் வீடு வீடாகத் தொட்டிச்செடி கொண்டுவரும் தமிழர் ஒருவரிடம் நம்மில் பலர் துளசியும் செம்பருத்தியும் வாங்குகிறோம். அவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ‘காட்டு ஐரிஸ்’ என்று எதையாவது நீட்டினால் பணத்தை எடுக்காதீர்கள்.

நான் செடிகளைப் பார்த்து வரைபவள். இமயத்து ஐரிஸ்களில் கெமாவோனென்சிஸ், ஹூக்கரியானா என்ற இரண்டையும் அருகருகே வைத்து வரைய வேண்டியிருந்தது. “வரவழைத்துத் தருகிறேன் அக்கா” என்று தொட்டிக்கு 1,800 ரூபாய் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். மார்ச் மாதம் பூவும் மொட்டுமாக வந்து இறங்கின. அங்கேயே இடித்தது, மலையில் இவை பூப்பதே மே, ஜூனில்தான்.

முதல் தொட்டியில் கிளைவிட்ட தண்டு இடுப்பளவு நின்றது. கெமாவோனென்சிஸ் தரையை ஒட்டிப் பூப்பது. தண்டு விரல் நீளம் இருந்தாலே அதிகம். வந்திருந்தது பூங்காக்களில் நடும் ஜெர்மானிக்கா. இரண்டாவது அதைவிட மோசம். ஹூக்கரியானாவின் கீழிதழ் நடுவே தாடி எனப்படும் மயிர்க்கற்றை கட்டாயம் இருக்கும். இதில் ஒரு மயிர்கூட இல்லை. அந்த இடத்தில் சேவல் கொண்டை போல ஆரஞ்சு நிற மேடு, இதழோரமெல்லாம் பிசிறு. சீனா, ஜப்பான் பக்கத்து ஜப்போனிகா அது. இமயத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

கேட்டால், “நீலமாகத்தானே இருக்கிறது அக்கா, பூவில் என்ன ஜாதி பார்ப்பது?” என்கிறார். பணம் திரும்பாதாம், வேண்டுமானால் இரண்டு ரோஜாத் தொட்டி எடுத்துக்கொள்ளலாமாம்.

நிறத்தைக் காட்டும் படத்தை நம்பவே கூடாது. கெமாவோனென்சிஸ், ஹூக்கரியானா இரண்டுக்குமே தாடி உண்டு, இரண்டிலும் ஊதா இதழில் திட்டுத்திட்டாகக் கறை இருக்கும். வித்தியாசம் பூவுக்குக் கீழே, மடல் எனப்படும் உறைக்குள் மறைந்திருக்கும் குழலில் இருக்கிறது. கெமாவோனென்சிஸில் அது 5 செ.மீ.க்குக் குறையாது, ஹூக்கரியானாவில் ஏறக்குறைய அதில் பாதிதான், தண்டு மட்டும் சற்று உயரம். ஆகவே மடலை விலக்கி, பக்கவாட்டில், அளவுகோலோடு எடுத்த படம் கேளுங்கள். தயங்குகிறவரிடம் அந்தச் செடி இல்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். இவரிடம் இதே பெயரில் வாங்கியவர்கள் பணம் அனுப்பிய விவரத்தையும் பூவின் படத்தையும் அழிக்காமல் வைத்திருங்கள்; பில் அவர் எப்படியும் கொடுத்திருக்க மாட்டார்.