பாரிஸில் பெர்முடாவுக்குத் தடை, ஈ.சி.ஆரில் ஜட்டிக்குத் தடை

ஜூலை லீவுக்குப் பாரிஸிலிருந்து புதுச்சேரி போயிருந்தோம். பேங்க், பத்திர ஆபீஸ், பல் டாக்டர் என்று வழக்கமான அலைச்சல் எல்லாம் முதல் வாரத்திலேயே முடிந்துவிட்டது. அதைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பல் டாக்டர் மட்டும் பிரமாதம். பாரிஸில் மூன்று மாதம் கழித்து அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிற வேலையை இங்கே மூன்றாம் நாளே முடித்துக் கொடுத்துவிட்டார். நான் எழுத வந்தது சென்னைக்குப் போகிற ஈ.சி.ஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு வாட்டர் பார்க்கில் கழித்த ஒரு நாளைப் பற்றி. பார்க்கின் பெயர் வேண்டாம்.

அண்ணன் வேன் பிடித்தார். நாங்கள் நாலு பேர், அண்ணன் வீட்டில் நாலு பேர், எங்கள் ஆயா. எண்பத்தொரு வயதில் சறுக்குமரம் ஏற ஆயா வரவில்லை. பேரப்பிள்ளைகள் எங்கே போனாலும் அவருக்கும் போகவேண்டும், அவ்வளவுதான்.

முந்தின நாள் ராத்திரியே வீட்டில் ஒரு சண்டை. பதினாலு வயது மகள் பெட்டியில் டூ பீஸ் நீச்சலுடை வைத்திருந்தாள். பாரிஸில் பிசீன் என்று நாங்கள் சொல்லும் நகராட்சி நீச்சல்குளத்தில் அவள் வயதுப் பெண்கள் போடுவதுதான். "இங்க வேணாம்டி" என்றேன். "ஏன்?" என்றாள். ஒழுங்கான பதில் என்னிடம் இல்லை. கடைசியில் நீச்சல் கிளப்பில் போடும் கறுப்பு ஒன் பீஸை எடுத்துக்கொள்வதாகச் சமாதானம் ஆயிற்று. பார்க்கின் வெப்சைட்டிலும் பார்த்துவிட்டேன். "நைலான் அல்லது சிந்தெடிக் நீச்சலுடை கட்டாயம், காட்டன், ஜீன்ஸ், புடவைக்கு அனுமதியில்லை" என்று மட்டும்தான் இருந்தது. ஒன் பீஸ் முழுக்க நைலான். வேறென்ன கேட்டுவிடப் போகிறார்கள்?

முதலில் மாட்டியது மகள் இல்லை, என் வீட்டுக்காரர்.

இது புரிய பாரிஸ் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர்கள் சொல்தா குடும்பம். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். ஆனால் இவர் வளர்ந்தது புதுச்சேரியில், நீச்சல் கற்றது கிணற்றில். பிரான்சுக்கு வந்த புதிதில் முட்டி வரை வரும் பூப்போட்ட பெர்முடாவைப் போட்டுக்கொண்டு ஜம்மென்று பிசீனுக்குப் போனார். தண்ணீரில் கால் வைப்பதற்குள் விசில் ஊதி வெளியே அனுப்பிவிட்டார்கள். அங்கே பெரும்பாலான நகராட்சிக் குளங்களில் ஆண்கள் உடம்போடு ஒட்டிய குட்டை நீச்சலுடைதான் போட வேண்டும், தலைக்குத் தொப்பியும் வேண்டும். தெரியாமல் வருகிறவர்களுக்காக, காபி மெஷின் மாதிரி காசு போட்டால் நீச்சலுடை விழுகிற மெஷினே வாசலில் வைத்திருப்பார்கள். அன்றைக்கு அதில் வாங்கிப் போட்டுக்கொண்டு, கூச்சத்தில் நெளிந்துகொண்டே தண்ணீருக்குள் குதித்தார். பதினேழு வருடத்தில் அது பழகிவிட்டது.

காரணம் கேட்டால் சுத்தம் என்பார்கள். பெர்முடாவைத் தெருவிலும் போடலாம், பஸ்ஸிலும் போடலாம். அந்த அழுக்கும் வியர்வையும் தண்ணீரில் கலந்தால் குளோரினோடு சேர்ந்து குளோரமின் உண்டாகும். கண் எரிவதும், மூக்கில் ஏறுகிற 'நீச்சல்குள வாசனை'யும் அதனால்தான். குளோரின் கூடிப்போய்விட்டது என்று நாம் தப்பாக நினைத்துக்கொள்கிறோம்.

அந்தக் குட்டை நீச்சலுடையோடு ஈ.சி.ஆரில் உடை மாற்றும் அறையிலிருந்து வெளியே வந்தார். செக்யூரிட்டித் தம்பி ஓடி வந்தார். "சார், சார், ஜட்டியோடல்லாம் போக முடியாது சார். ஃபேமிலி வர்ற எடம்." இது ஜட்டி இல்லை, நீச்சலுடை என்று இவர் விளக்க, தம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டு கவுன்டரைக் காட்டினார். அங்கே தொங்கியது எது என்று நினைக்கிறீர்கள்? முட்டி வரை பூப்போட்ட நைலான் பெர்முடா. அண்ணன் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது.

அடுத்தது மகள். பெண்கள் பக்கம் நின்ற அம்மா, "பாப்பா, கீழ லெகிங்ஸ் போட்டுக்கோம்மா, மேல ஒரு டீ ஷர்ட்" என்றார். குரல் அன்பாகத்தான் இருந்தது. போர்டில் நைலான் என்றுதானே இருக்கிறது என்றேன். "போர்டு அப்படித்தாம்மா இருக்கும்" என்றார். அண்ணி நல்லவேளை தயாராக வந்திருந்தார், முழுக்கை லைக்ரா மேல்சட்டை, லெகிங்ஸ் சகிதம். அவருக்கும் தப்பவில்லை. துப்பட்டாவைக் கழற்றி லாக்கரில் வைக்கச் சொன்னார்கள். ஸ்லைடில் எங்காவது மாட்டி இழுத்தால் கழுத்துக்கு ஆபத்து.

துணி விஷயத்தில் பார்க்காரர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. காட்டன் நனைந்தால் கல் மாதிரி கனக்கும், நூல் பிரிந்து ஃபில்டரை அடைக்கும், சாயம் போகும். ஜீன்ஸின் ஜிப்பும் பட்டனும் ஃபைபர் ஸ்லைடைக் கீறிவிடும். இதெல்லாம் நைலானுக்குக் காரணம். எவ்வளவு உடம்பு மூட வேண்டும் என்பதற்கு இது காரணமே இல்லை. நூற்றைம்பது ரூபாய் வாடகைக்கு மகளுக்குக் கொடுத்த உடுப்பு முந்தைய ஆள் கழற்றிய ஈரத்தோடு இருந்தது. தொளதொளவென்ற அந்தச் சட்டை அலைக்குளத்தில் காற்றடைத்து, பலூன் மாதிரி உப்பிக் கழுத்து வரை ஏறியது. ஒரு கையால் சட்டையை அமுக்கிக்கொண்டு ஒரு கையால் நீந்தினாள். ஒன் பீஸோடு விட்டிருந்தால் இதைவிடக் கண்ணியமாகத்தான் இருந்திருக்கும்.

பக்கத்திலேயே ஒரு பெரியவர் மெல்லிய வெள்ளை பாக்ஸரோடு எழுந்து நின்றார். நனைந்த பிறகு அது போட்டதும் ஒன்றுதான், போடாததும் ஒன்றுதான். அவருக்கு யாரும் விசில் ஊதவில்லை. துணியின் நீளம் சரியாக இருந்ததே!

என் மனதில் நிற்பது இது எதுவும் இல்லை. மதியத்துக்கு மேல் அண்ணி என் கையைக் கிள்ளினார். குளத்தின் கரையோரம் ஒருவர் கழுத்தில் தொங்கிய வாட்டர்ப்ரூஃப் கவருக்குள் மொபைலை வைத்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். குடும்பத்தைத்தான் எடுக்கிறார் என்று முதலில் நினைத்தேன். அவர் குடும்பம் ஐஸ்க்ரீம் கடை பக்கம் உட்கார்ந்திருந்தது. மொபைல் திரும்பிய பக்கமெல்லாம் முழுக்கைச் சட்டையும் லெகிங்ஸும் போட்ட காலேஜ் பெண்கள். லைஃப் கார்டிடம் சொன்னேன். "போட்டோ எடுக்கக் கூடாதுன்னு ரூல் இல்லீங்க மேடம்" என்றார். அந்தக் கவரை வாசலில் விற்பதே அவர்கள்தான். பாரிஸில் நாங்கள் போகிற பிசீனில் மொபைலை லாக்கரில் வைத்தால்தான் உள்ளே விடுவார்கள். அண்ணன் நேரே போய் அந்த ஆளிடம் என்னவோ சொன்னார். மொபைல் பைக்குள் போனது. என்ன சொன்னீர்கள் என்று கேட்டால் இன்றுவரை சொல்லவில்லை.

மகள் கேட்ட "ஏன்?" என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான், கசப்பான பதில். அடுத்த முறையும் டூ பீஸ் வேண்டாம் என்றுதான் சொல்வேன். உடம்பில் வெட்கப்பட ஏதோ இருக்கிறது என்பதற்காக இல்லை. முந்நூறு பேருக்கு நடுவில் அவள் ஒருத்திதான் அப்படி இருப்பாள், அந்த முந்நூறில் எத்தனை பேர் கையில் மொபைல் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் பார்க்காரர்களுக்கு ஒன்று சொல்லலாம். கைகால் மூட வேண்டும் என்பது விதி என்றால் அதைப் போர்டில் எழுதுங்கள், டிக்கெட் எடுக்கும் முன்பே தெரியட்டும். எழுதக் கூசினால் வாசலில் வாயால் சொல்லவும் கூச வேண்டும். மொபைலுக்கும் ஒரு விதி வையுங்கள்.

பிரான்சு மட்டும் இதில் யோக்கியமா என்றால் இல்லை. 1946-ல் உலகத்துக்கு முதன்முதலாக பிகினியைக் காட்டியது பாரிஸில் ஒரு நீச்சல்குளத்தில்தான். அதே நாட்டில், 2022-ல் கிரெனோபிள் நகராட்சி உடம்பை மூடும் புர்கினியைத் தன் குளங்களில் அனுமதித்தபோது, உச்ச நிர்வாக நீதிமன்றம் வரை போய் அதை நிறுத்தினார்கள். அங்கே துணி கூடினால் குற்றம், இங்கே குறைந்தால் குற்றம்.

ஆயாவுக்கு காட்டன் புடவை என்பதால் தண்ணீரில் இறங்க அனுமதி இல்லை. குழந்தைகள் குளத்தின் ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மட்டும் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரும்பி வரும்போது வேனில் நாங்கள் பேசியதையெல்லாம் கேட்டுவிட்டு, "என்னாத்துக்கு இவ்ளோ பேச்சு? நாங்கள்லாம் பம்புசெட்டுல பாவாடைய மாருக்கு மேல ஏத்திக் கட்டிக்கினு குளிக்கலயா? தோளு, முதுகு எல்லாம் வெளியதான் இருக்கும். அந்தப் பக்கம் ஆம்பள வந்தா தலைய குனிஞ்சிக்கினு போயிடுவான்" என்றார். வேனில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் மரக்காணம் தாண்டி டீ குடிக்க நிறுத்தினோம்.

போகிறவர்களுக்கு: வாடகை உடுப்பை நம்பாதீர்கள், முழுக்கை லைக்ரா மேல்சட்டையும் லெகிங்ஸும் சொந்தமாகக் கொண்டுபோங்கள், உடம்போடு ஒட்டியது நல்லது. கிழமை நாளில் போனால் வரிசை குறைவு. அட்வான்ஸ் கொடுத்த சீட்டைத் தொலைக்காதீர்கள், நாங்கள் தொலைத்து ஐந்நூறு ரூபாய் போயிற்று.

வீட்டுக்காரர் அந்தப் பூப்போட்ட பெர்முடாவை வாடகைக்கு எடுக்காமல் ரோஷத்தில் விலைக்கே வாங்கிவிட்டார். இப்போது பாரிஸ் வீட்டு அலமாரியில் இருக்கிறது. பிசீனுக்கு அதைப் போட்டுக்கொண்டு போக முடியாது. பையன் ராத்திரி தூங்கப் போட்டுக்கொள்கிறான்.