அபெர்டேர் மலைக்கு டூர் போகிறீர்களா? பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

கென்யாவில், நைரோபியில் இருக்கும் நம் ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அபெர்டேர் மலை, அருவிகள், குகைகள், வனவிலங்குகள், தங்குமிடம், சாப்பாடு, பூங்காக் கட்டணம் எல்லாம் சேர்த்து இவ்வளவு என்று. அதை நம்பித்தான் ஊரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அக்கா, மாமா, அவர்கள் பையன் மூவரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். அட்வான்சாக மட்டும் 85,000 ஷில்லிங் வாங்கினார்கள். காட்டியதில் பாதிக்கு மேல் அபெர்டேர் பூங்காவே இல்லை. மீதிக்கு நாங்கள் தனியாகச் செலவு செய்துகொண்டோம்.

கம்பெனி பெயரைப் போடப்போவதில்லை. பணத்துக்காக வழக்குப் போட்டிருக்கிறேன், அது முடியட்டும். தவிர, இதே வேலையை வேறு பெயர்களிலும் செய்கிறார்கள் என்று கேள்வி. எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பதைச் சொல்கிறேன், அதுதான் உங்களுக்கு உதவும்.

முதலில் மலையைப் பற்றிக் கொஞ்சம். இது தெரியாதவர்களைத்தான் அவர்கள் குறிவைக்கிறார்கள். நைரோபிக்கு வடக்கே, பிளவுப் பள்ளத்தாக்கின் கிழக்கு விளிம்பாக நீண்டு கிடக்கும் தொடர் அபெர்டேர். வடக்கில் சடிமா சிகரம் 4,000 மீட்டரைத் தொடுகிறது, தெற்கில் கினங்கோப் 3,906 மீட்டர். 1950இல் தேசியப் பூங்கா ஆனது. பூங்காவுக்குள் இரண்டு உலகம் இருக்கிறது. மேலே, மூங்கில் காட்டைத் தாண்டினால் குளிர்ந்த புல்வெளி. பெரிய அருவிகளும் குகையும் அங்கேதான். கிழக்கே நியேரி பக்கமாகச் சரிந்து இறங்கும் அடர்ந்த காட்டை சேலியன்ட் என்பார்கள். யானை, காட்டெருமை எல்லாம் அங்கே அதிகம். இரண்டையும் ஒரே மூச்சில் பார்ப்பது லேசில்லை. "காலையில் அருவி, மதியம் யானை, சாயங்காலம் குகை" என்று யாராவது பட்டியல் நீட்டினால் அங்கேயே உஷாராகிவிடுங்கள்.

இனி எங்கள் கதை. பயணத் திட்டத்தில் முதல் இடம் சானியா அருவி. பூங்காவுக்குள் அந்தப் பெயரில் ஓர் அருவி நிஜமாகவே உண்டு. ஆனால் நைரோபியிலிருந்து கிளம்பி ஒரு மணி நேரத்தில், திக்கா ஊரை ஒட்டிய ஒரு ஓட்டல் பக்கம் வண்டியை நிறுத்தி "இதுதான் சானியா" என்றார் டிரைவர். அதுவும் சானியாதான், பொய்யில்லை! திக்காவிலும் அதே பெயரில் அருவி இருக்கிறது. பக்கத்திலேயே நெடுஞ்சாலை லாரி சத்தம். மாமா போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டு, "மலை எங்கேப்பா?" என்று கேட்டார்.

அடுத்தது "அபெர்டேரின் மாபெரும் அருவி". பூங்காவுக்குள் இருக்கும் கருரு அருவி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். வண்டி நேராக நியாஹுருரு என்ற ஊருக்குப் போனது. அங்கே இருப்பது தாம்சன் அருவி, 74 மீட்டர் உயரம், ஊருக்கு ஓரத்திலேயே விழுகிறது. அழகான இடம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது பூங்காவுக்குள் இல்லை, பூங்காக் கட்டணமும் கிடையாது. அருவி முனையில் பாரம்பரிய உடையில் சிலர் நிற்பார்கள்; பையன் பக்கத்தில் நின்று படம் எடுத்ததற்கு அவர்களுக்குத் தனியாகக் கொடுத்தோம். மேனேஜருக்கு போன் போட்டுக் கேட்டால் சளைக்காமல் சொல்கிறார்: "சார், இது எவாசோ நரோக் ஆறு. அபெர்டேரிலிருந்துதான் வருகிறது. தண்ணீர் அபெர்டேர் தண்ணீர்தானே?" தகவல் சரிதான். அந்தக் கணக்கில் நைரோபியில் என் வீட்டுக் குழாயைத் திறந்தாலும் அபெர்டேர் அருவிதான், ஊருக்கு வரும் தண்ணீரில் பெரும்பகுதி அந்த மலைத் தண்ணீர்.

குகை விஷயம் இன்னும் மோசம். திட்டத்தில் "குயின்ஸ் கேவ் மற்றும் மாவ் மாவ் போராளிகளின் குகை" என்று இருந்தது. இந்த மலைக்கு அந்த வரலாறு உண்மையிலேயே உண்டு. 1952இல் ஆங்கிலேயர்கள் அவசரநிலை அறிவித்த பிறகு, நிலத்துக்காகவும் விடுதலைக்காகவும் ஆயுதம் எடுத்த மாவ் மாவ் போராளிகள் ஒளிந்து போராடியது இந்தக் காடுகளில். மேலிருந்து விமானத்தில் குண்டு போட்டார்கள். தலைவர் டெடான் கிமாதி 1956 அக்டோபரில் நியேரி அருகே சுடப்பட்டுப் பிடிபட்டார், அடுத்த பிப்ரவரியில் தூக்கிலிட்டார்கள். என் மாமா இதையெல்லாம் படித்துவிட்டு வந்திருந்தார், அவர் கென்யா வந்ததே பாதி இதற்காக. அவருக்குக் காட்டியது என்ன தெரியுமா? உருளைக்கிழங்குத் தோட்டத்தை அடுத்த மண் சரிவில் ஒரு பள்ளம். உட்கார்ந்தால் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கலாம். உள்ளே பழைய சாக்கும், பிளாஸ்டிக் பாட்டிலும், ஆட்டுப் புழுக்கையும். வாசலில் ஒரு பையன் நுழைவுக் கட்டணம் என்று ஆளுக்கு 200 ஷில்லிங் கேட்டான். இங்கே யார் இருந்தார்கள் என்று மாமா கேட்டதற்கு அவன் டிரைவரைப் பார்த்தான், டிரைவர் என்னைப் பார்த்தார்.

மறுநாள் காலை பூங்காவுக்குள் போவதாகத் திட்டம். ஓல் கலௌ தாண்டும்போது டிரைவர் டீசலுக்குப் பணம் கேட்டார். கம்பெனி அவருக்கும் முன்பணம் கொடுக்கவில்லையாம். அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் இல்லை. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி என்று சொன்னார், முகத்தைப் பார்த்தால் பொய் மாதிரி தெரியவில்லை. மேற்குப் பக்கத்து முடுபியோ வாயிலுக்குப் போனோம். வண்டி சாதாரண மினிவேன். ரேஞ்சர் அம்மா ஒருவர் வந்து சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, மொட்டை டயரை பூட்ஸ் முனையால் ஒரு தட்டு தட்டி, "இதில் மேலே போக முடியாது" என்று சொல்லிவிட்டார். அங்கே நான்கு சக்கரமும் இழுக்கிற ஜீப் வகை வண்டிதான் போகும். மழை பெய்தால் செம்மண் பாதை சேறாகிவிடும், அதிலும் மார்ச் முதல் மே வரை பெரிய மழை. டூர் நடத்துகிற எவருக்கும் தெரிந்த சங்கதி இது.

அப்புறம் டிக்கெட். கென்ய வனவிலங்குத் துறை பூங்காக்களில் வாயிலில் ரொக்கம் வாங்குவதில்லை, அரசின் இ-சிட்டிசன் இணையதளம் வழியாகத்தான் கட்ட வேண்டும். கட்டணம் ஆளுக்கு ஆள் மாறும். கிழக்கு ஆப்பிரிக்கக் குடிமக்களுக்கு ஒரு விலை, என்னைப் போல அனுமதி பெற்று இங்கே வசிப்பவர்களுக்கு ஒரு விலை, வெளிநாட்டிலிருந்து சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கு டாலரில் ஒரு விலை. வித்தியாசம் பல மடங்கு. எங்களிடம் அக்கா குடும்பத்துக்கு வெளிநாட்டவர் கட்டணத்தை முழுசாக வாங்கியிருந்தார்கள். ரேஞ்சர் ரசீதைத் திறந்து போனை எங்கள் பக்கம் திருப்பினார். மூன்று பெரியவர், ஒரு சிறுவர், எல்லோரும் கிழக்கு ஆப்பிரிக்கக் குடிமக்கள் என்று இருக்கிறது! கோயம்புத்தூர் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா முழித்ததை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது, அப்போது வரவில்லை. பிடிபடுவது நாம். பணத்தை அமுக்கியவர் நைரோபியில் உட்கார்ந்திருப்பார். அந்த ரேஞ்சர் நல்லவர், எங்களைக் குற்றவாளி மாதிரி நடத்தாமல், சரியான கட்டணத்தைப் புதிதாகக் கட்டினால் போதும் என்றார்.

மேனேஜர் போன் அதற்குள் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. டிரைவர் மெதுவாக என்னைத் தனியே அழைத்து, காட்டு ஓரமாக வேறு வழி இருக்கிறது, டிக்கெட் வேண்டாம், காவலாளிக்குக் கொஞ்சம் கொடுத்தால் போதும் என்றார். யாராவது உங்களிடம் இப்படிச் சொன்னால் தயவுசெய்து போகாதீர்கள். மலையைச் சுற்றிக் கிட்டத்தட்ட 400 கிலோமீட்டருக்கு மின்வேலி போட்டிருக்கிறார்கள், 1989இல் ஆரம்பித்து 2009இல் முடித்த வேலை. யானை தோட்டத்துக்குள் வராமலும், ஆள் காட்டுக்குள் திருட்டுத்தனமாகப் போகாமலும் இருக்கத்தான் அது. அங்கே டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் அபராதத்தோடு நிற்குமா என்பது தெரியாது, காட்டெருமை குறுக்கே வந்தால் காப்பாற்றவும் ஆள் கிடையாது.

கடைசியில் கீழே ந்துன்யு ஜெரு ஊரில் விசாரித்து, பழைய லேண்ட் ரோவர் வைத்திருக்கும் ஒருவரைப் பிடித்தோம். வண்டி வாடகை, புது டிக்கெட் எல்லாம் எங்கள் கைக்காசு. உள்ளே போனபின்தான் எதைக் காட்டாமல் ஏமாற்றப் பார்த்தார்கள் என்று புரிந்தது. கருரு அருவி மூன்று தட்டாக விழுகிறது, மொத்தம் 273 மீட்டர். மரத்தால் கட்டிய மேடையில் நின்று பார்க்கலாம். பள்ளத்தாக்குக்கு எதிர்ப்புறம் குரா அருவி, ஏறக்குறைய 300 மீட்டர். நாங்கள் போனபோது பனிமூட்டம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. இரண்டும் சேர்ந்து தெரிந்தது சில நிமிடம்தான். மகுரா அருவியில் தண்ணீர் விழும் இடத்துக்குப் பின்னாலேயே குகை. அதுதான் நிஜமான குயின்ஸ் கேவ். உள்ளே நின்றால் தண்ணீர்த் திரைக்குப் பின்னாலிருந்து காட்டைப் பார்க்கலாம். பேச்சு காதில் விழாது. வழியில் எருமைகள் பாதையை மறித்து நின்றன, கறுப்பு வெள்ளை கொலோபஸ் குரங்குகள், பாசி தொங்கும் ஹகேனியா மரங்கள். யானையைப் பார்க்கவில்லை, அதன் லத்தியைத்தான் பார்த்தோம். பரவாயில்லை, காடென்றால் அப்படித்தான்.

விளம்பரத்தில் "போங்கோ மான் நிச்சயம்" என்று போட்டிருந்ததை லேண்ட் ரோவர்காரரிடம் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். மலை போங்கோ உலகத்தில் காட்டில் உயிரோடு இருப்பவை நூற்றுக்கும் கீழே, அதுவும் கென்யாவில் மட்டும். பல வருடமாக இந்த மலையில் வண்டி ஓட்டும் அவரே பார்த்ததில்லையாம். அதே விளம்பரத்தின் முகப்புப் படத்தில் சிங்கம், பின்னால் பரந்த சமவெளி, குடை மாதிரி அகேசியா மரம். அது மசாய் மாரா பக்கத்துப் படம். அபெர்டேர் அடர்ந்த மலைக்காடு, குளிர், மூங்கில். படமும் இடமும் ஒட்டாத விளம்பரத்தைப் பார்த்தால் அப்படியே தள்ளிவிடுங்கள்.

பணம் கட்டும்போது கவனிக்க வேண்டியது இது. எம்-பெசாவில், அதாவது இங்கே போன் வழியாகப் பணம் அனுப்பும் சேவையில், அனுப்பியதும் பெறுகிறவர் பெயர் வரும். எங்களுக்கு வந்தது கம்பெனி பெயரில்லை, ஒரு தனிநபர் பெயர். கேட்டதற்கு "கணக்காளர்" என்றார்கள். ஒழுங்கான கம்பெனியென்றால் எம்-பெசாவில் வியாபார நிறுவனங்களுக்கென்று இருக்கும் டில் எண்ணோ பேபில் எண்ணோ கொடுக்கும், அதில் நிறுவனப் பெயர் வரும். சுற்றுலா ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள், எண்ணை வாங்கிக்கொண்டு அவர்களிடமே சரிபாருங்கள். எந்த வாயில் வழியாக நுழைவோம், எந்த வண்டி, அதன் பதிவு எண் என்ன என்பதை எழுத்தில் வாங்குங்கள். இ-சிட்டிசன் டிக்கெட்டை முடிந்தால் நீங்களே எடுத்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை. அதற்கு மறுப்புச் சொல்கிற கம்பெனியோடு போகாதீர்கள்.

என் விஷயத்தில் கம்பெனி "போலே சானா" என்று நாலு தடவை வருத்தம் தெரிவித்துவிட்டு 15,000 மட்டும் திருப்பி அனுப்பியது. மீதிக்கு சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் மனு போட்டிருக்கிறேன். 10 லட்சம் ஷில்லிங் வரையான பணத் தகராறுகளை அங்கே எடுத்துக்கொள்கிறார்கள், வக்கீல் கட்டாயமில்லை, 60 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. எம்-பெசா செய்திகள், வாட்ஸ்அப் உரையாடல், அந்த ரசீது எல்லாம் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். இதே மாதிரி சானியா, தாம்சன், உருளைக்கிழங்குத் தோட்டக் குகை என்று சுற்றிவந்தவர்கள் வேறு யாராவது இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். ரசீதை அழித்துவிடாதீர்கள்.