"16 வோல்ட்தானே, எதுவும் ஒன்றுதான்" என்று தரும் அடெப்டர்: ஹெட்போன் அம்ப் வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

மலையகத்து டவுன் ஒன்றில் உள்ள கடையில் மேசை டாக்கும் (கொம்பியூட்டரின் டிஜிட்டல் பாட்டை ஒலி அலையாக மாற்றும் பெட்டி) ஹெட்போன் அம்பும் (அந்த ஒலியைப் பெருக்கி ஹெட்போனை ஓட்டும் பெட்டி) சோடியாக வாங்கிய தம்பி ஒருவரின் சாமான்கள் எங்கள் மேசைக்கு வந்தன. அம்ப் வேலை செய்யவில்லை, ஹெட்போனின் ஒரு பக்கம் செத்துவிட்டது, இரண்டு முறை "ரிப்பேர்" காசும் கட்டியாகிவிட்டது. கடையின் பெயரை எழுதவில்லை. அங்கே என்ன செய்தார்கள், அது ஏன் பிழை, இன்னொருவர் அதை வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்பதை மட்டும் எழுதுகிறோம்.

அம்ப் அமெரிக்காவுக்கென்று செய்த சரக்கு. கூட வந்த அடெப்டரின் முதுகில் உள்ளீடு 120 வோல்ட் 60 ஹேர்ட்ஸ், வெளியீடு 16 வோல்ட் ஏசி என்று தெளிவாகவே அச்சிட்டிருக்கிறது. கடைக்காரர் அதில் சதுரமுனை கன்வர்ட்டர் ஒன்றைச் செருகி, "அப்படியே போடலாம் தம்பி" என்று கொடுத்திருக்கிறார். அந்தக் கன்வர்ட்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டைத் தொடாது. போன் சார்ஜர், லெப்டொப் சார்ஜர் எல்லாம் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்குவதால் பலருக்கும் இந்தப் பழக்கம் வந்துவிட்டது. ஏசி வெளியிடும் அடெப்டர் அப்படியல்ல. அதற்குள் இருப்பது செம்புக் கம்பி சுற்றிய சாதாரண ட்ரான்ஸ்போமர். 120 வோல்ட்டுக்குச் சுற்றியதில் 230 கொடுத்தால் நடுவில் உள்ள இரும்பு காந்தத்தால் நிரம்பி, கம்பி கொதித்து, சுற்றுக்குள் புதைத்திருக்கும் வெப்ப ஃபியூஸ் அறுந்துவிடும். அதை மீட்க வழியில்லை. இந்த அடெப்டரை மூக்கருகில் கொண்டுபோனாலே கருகிய வார்னிஷ் நாற்றம் அடிக்கிறது.

இதுவரை நடந்தது அறியாமை என்றுகூட விட்டுவிடலாம். அடுத்து நடந்ததற்கு அப்படிச் சொல்ல முடியாது. திரும்பக் கொண்டுபோனபோது பழைய லெப்டொப் ஒன்றின் அடெப்டரைக் கொடுத்திருக்கிறார்கள். அதன் லேபலுக்கு மேலே "16V" என்று மட்டும் எழுதிய வெள்ளை ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டினோம். கீழே 16 வோல்ட், 4.5 ஆம்பியர், நேர்கோட்டுக்குக் கீழே மூன்று சிறு கோடுகள். அந்தக் குறி டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் மின். ஏசி, அதாவது திசை மாறி மாறி ஓடும் மின் என்றால் ஓர் அலைக்கோடு மாத்திரம் இருக்கும். வெளியீடு டிசி என்பதைக் காட்டும் இடத்தையே ஸ்டிக்கர் ஒட்டி மறைத்திருக்கிறார்கள்.

16 வோல்ட் ஏசியும் 16 வோல்ட் டிசியும் ஏன் ஒன்றல்ல? ஹெட்போன் அம்புக்கு நடுவில் பூச்சியம், மேலே பிளஸ், கீழே மைனஸ் என்று இரண்டு ரெயில் (உள்ளே மின் ஊட்டும் வழி) வேண்டும். ஏசி அடெப்டர் கேட்கும் அம்ப்களில், அலையின் மேற்பாதி ஒரு டயோட் (மின்னை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) வழியாகப் பிளஸ் ரெயிலை நிரப்பும், கீழ்ப்பாதி இன்னொரு டயோட் வழியாக மைனஸ் ரெயிலை நிரப்பும். டிசி கொடுத்தால் ஒரு டயோட்தான் திறக்கும். மற்ற ரெயில் பட்டினி. அப்போது சத்தம் இல்லாத நேரத்திலும் பூச்சியத்தில் நிற்க வேண்டிய வெளியீடு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். 2011இல் வரைபடத்தோடு பகிரங்கமாக வெளியான ஓ2 என்ற ஹெட்போன் அம்பில் ஒரு ரெயில் விழுந்தால் இரண்டையும் வெட்டும் பாதுகாப்பு இருக்கிறது. சில அம்ப்களில் ரிலே என்ற தானியங்கி சுவிட்ச் ஒன்று வெளியீட்டைத் துண்டித்து, பெட்டி ஊமையாக நின்றுவிடும். பாதுகாப்பு இல்லாதவை ஹெட்போனுக்குள் நேரே டிசியை ஊற்றும்.

இந்த அம்பில் நாங்கள் அளந்தது 6.8 வோல்ட் டிசி. ஹெட்போன் 38 ஓம். கணக்குப் போட்டால் 1.2 வாட், அதுவும் இடைவிடாமல். பாட்டு ஓடும்போது ஹெட்போனுக்குள் இருக்கும் கம்பிச்சுருள் அசைந்து காற்றில் ஆறும். டிசியில் அது ஒரே இடத்தில் தள்ளப்பட்டு நின்று கருகும். மீட்டரை வைத்தால் வலது பக்கம் 38 ஓம் காட்டியது. இடது பக்கம் கம்பி அறுந்து ஒன்றுமே காட்டவில்லை.

இதற்குப் பிறகு கடை எழுதிய பில்லில் "ஐசி மாற்றியது" என்று 7,500 ரூபா. பெட்டியைத் திறந்து பார்த்தோம். பலகையில் ஒரு ஈயமும் தொடப்படவில்லை. கையால் ஐசி மாற்றினால் கால்களைச் சுற்றி, ஈயம் பிடிக்கப் பூசும் ஃபிளக்ஸின் பழுப்புக் கறை இருக்கும், அல்லது அதைத் துடைத்த மங்கல் இருக்கும், ஈயத்தின் பளபளப்பும் பக்கத்தில் உள்ளதோடு ஒத்துப்போகாது. இங்கே எல்லாம் தொழிற்சாலையில் வைத்தபடியே, ஒரே சீராக. செய்யாத வேலைக்கு வாங்கிய காசு அது. ரிப்பேருக்குக் கொடுக்கிறவர்கள் கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கேட்டு வாங்குங்கள். மாற்றியிருந்தால் கொடுப்பதில் அவர்களுக்கு ஒரு சிரமமும் இல்லை.

வாங்கும்போது கடையிலேயே செய்யக்கூடிய சோதனை இரண்டு நிமிட வேலை. சாதாரண மல்டிமீட்டர் போதும். அடெப்டரை அம்பில் செருகாமல் சுவரில் மட்டும் போட்டு, ஒரு முள்ளை முனையின் உட்துளையிலும் மற்றதை வெளி உலோகத்திலும் வையுங்கள். முதலில் ஏசி ரேஞ்ச். 16 வோல்ட் ஏசி அடெப்டர் சுமை இல்லாமல் 17 முதல் 19 வரை காட்டினால் சரி. பிறகு டிசி ரேஞ்ச். பூச்சியத்தை ஒட்டி நிற்க வேண்டும். டிசியில் 16 காட்டினால் அதை அந்த அம்புக்கு அருகிலேயே கொண்டுபோகாதீர்கள்.

கடைகளில் கிடைக்கும் அம்ப், டாக் மொடல்களில் எது எந்த அடெப்டரைக் கேட்கும் என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். ஷீட் மெக்னி, ஜேடிஎஸ் அட்டம், டொப்பிங் எல்30 ஆகியவை ஏசி வெளியீட்டு அடெப்டர் கேட்பவை. ஃபீயோ கே5 ப்ரோ 15 வோல்ட் டிசி, கே7 12 வோல்ட் டிசி. டொப்பிங் இ30, ஐஃபை ஜென் டாக் இரண்டும் 5 வோல்ட் டிசி. டாக்கான இ30ஐயும் அம்பான எல்30ஐயும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பாவிப்பவர்கள் பலர். அந்த இரண்டு அடெப்டருக்கும் வெவ்வேறு நிறத்தில் டேப் சுற்றிவிடுங்கள். முனை உள்ளே போகிறது என்பதை வைத்து ஒருபோதும் முடிவெடுக்க வேண்டாம். 5.5க்கு 2.5 மில்லிமீற்றர் முனை, 2.1 ஊசி உள்ள துளைக்குள்ளும் போகும். ஆனால் தளர்வாக நின்று, கம்பியைத் தொட்டாலே கரகரக்கும். இந்த லெப்டொப் அடெப்டரும் அப்படித்தான் ஆடிக்கொண்டிருந்தது.

அம்ப்பின் வெளியீட்டையும் அளக்க வேண்டும். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, வொல்யூமை அடியில் வைத்து, 6.35 மில்லிமீற்றர் ஸ்டீரியோ பிளக் ஒன்றைச் செருகிய பிறகு அம்பைப் போடுங்கள். நுனி இடது, நடு வளையம் வலது, அடிப்பகுதி பொது. மீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து, அடிப்பகுதிக்கும் நுனிக்கும் இடையில், பிறகு அடிப்பகுதிக்கும் வளையத்துக்கும் இடையில் பாருங்கள். நுனியும் வளையமும் முள்ளால் ஒன்றையொன்று தொடக்கூடாது. 10 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 50ஐத் தாண்டினால் ஹெட்போனை மாட்டாதீர்கள். ஆரம்பத்தில் பொப் என்று குதித்து சில செக்கனில் இறங்குவது பல அம்ப்களில் இயல்பு, அதனால் அரை நிமிடம் பொறுத்து அளக்கவும்.

சரியான 230 வோல்ட் ஏசி அடெப்டரே இருந்தும் இரைச்சல் வரும் வீடுகள் மலையகத்தில் உண்டு. தெரு ட்ரான்ஸ்போமரிலிருந்து தூரத்தில், லைனின் கடைசியில் இருக்கும் லயன்களில், பின்னேரம் எல்லா வீட்டிலும் ஹீட்டரும் கேத்தலும் போடும்போது கரண்ட் இறங்கும். சுவரில் 195 வோல்ட் வந்தால் 16 வோல்ட் அடெப்டர் 13.6தான் தரும். அம்ப்புக்குள் வோல்ட்டைச் சீராக வைக்கும் ரெகுலேட்டருக்கு மூச்சு முட்டி, 50 ஹேர்ட்ஸ் உறுமல் இரண்டு காதிலும் கேட்கும், வொல்யூமைக் கூட்டினாலும் குறைத்தாலும் அதே அளவில். இரவு பதினொரு மணிக்குத் தானாக நின்றுவிடும். இந்த அடையாளம் இருந்தால் அம்ப் பழுதில்லை. சுவர் வோல்ட்டை இரண்டு வேளையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள், கடைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

இன்னொரு வகை இரைச்சல், கொம்பியூட்டரை யூஎஸ்பியில் மாட்டியவுடன் வருவது. எர்த் இரண்டு வழியாகச் சுற்றுவதால் வரும் இது. லெப்டொப்பின் சார்ஜரைக் கழற்றி பெட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நின்றுவிட்டால் காரணம் அதுதான். டெஸ்க்டொப் என்றால் யூஎஸ்பியைக் கழற்றி ஒப்டிகல் கம்பியில் கொடுங்கள், வெளிச்சத்தில் எர்த் ஓடாது. புது ஒப்டிகல் கம்பியின் இரண்டு நுனியிலும் சிறு பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதைக் கழற்றாமலே "டாக் பழுது" என்று வருகிறவர்கள் ஏராளம்.

இந்த இரைச்சலுக்கு அந்தக் கடை சொன்ன வைத்தியம், கொம்பியூட்டர் பிளக்கின் எர்த் முனைக்குப் போகும் கம்பியை வெட்டுவது. வெட்டியும் கொடுத்திருக்கிறார்கள். இதை எழுதும்போதே கோபம் வருகிறது. எர்த் இல்லாத கொம்பியூட்டரின் பெட்டியில் சப்ளையின் ஃபில்டர் வழியாகக் கசியும் கரண்ட் போக வழியில்லாமல் தேங்கியிருக்கும். உள்ளே லைவ் கம்பி தொட்டால் ஃபியூஸ் போகாது, ட்ரிப் சுவிட்சும் ஒருவர் தொடும்வரை விழாது. சீமெந்துத் தரையில், ஈரக் காலோடு, பிள்ளைகள் தொடும் சாமான் அது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி இறங்கும் ஊர் நம்முடையது. இடி தொடங்கினால் பிளக்கையும் ரவுட்டர் கம்பியையும் கழற்றி வைப்பதுதான் பாதுகாப்பு, எர்த்தை வெட்டுவதல்ல.

"டாக் பிடிக்கவில்லை" என்று வருகிறவற்றில் பெரும்பாலானவை சார்ஜ் மட்டும் ஏற்றும் யூஎஸ்பி கம்பியால் வருபவை. லைட் எரியும், கொம்பியூட்டரில் பெயர் வராது. டேட்டா போகும் கம்பியால், ஹப் இல்லாமல், பின்பக்கத் துளையில் மாட்டுங்கள். விண்டோஸ் 10இன் 1703 பதிப்பிலிருந்து யூஎஸ்பி ஓடியோ 2க்கான டிரைவர் உள்ளேயே இருக்கிறது. அதற்கு முந்தையதென்றால் தயாரிப்பாளரின் டிரைவர் வேண்டும். "டிரைவர் போட" என்று தனியாகக் காசு கேட்டால் முதலில் உங்கள் பதிப்பைப் பாருங்கள். பாட்டு இடையிடையே வெட்டினால் பவர் ஒப்ஷன்ஸில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை நிறுத்திப் பாருங்கள்.

கடைசியாக அதே கடை விற்ற ஒரு சின்னச் சாமான்: 4.4 மில்லிமீற்றர் பெலன்ஸ்ட் துளையில் செருகி, சாதாரண 3.5 ஹெட்போனை மாட்டும் முனை. பெலன்ஸ்ட் அம்பில் இடது மைனஸும் வலது மைனஸும் தனித்தனி வெளியீடுகள். இந்த முனை இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடும், அம்ப் தன்னோடு தானே மல்லுக்கட்டிச் சூடேறிப் போகும். பெலன்ஸ்ட் கம்பியுள்ள ஹெட்போனைச் சாதாரண துளையில் மாட்டும் முனை ஆபத்தில்லை. மறுதலையாகப் போவதை வாங்க வேண்டாம்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் சொல்லலாம். 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் முறைப்பாட்டை எழுத்தில், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். பில்லில் மொடல், சீரியல் நம்பர், "230 வோல்ட் அடெப்டருடன்" என்ற வரி மூன்றும் இருக்கட்டும். கடை கொடுத்த அடெப்டரை எறிந்துவிடாதீர்கள், ஸ்டிக்கரையும் முழுதாகக் கிழிக்காதீர்கள். ஒரு மூலையைத் தூக்கி, மேலே எழுதியதும் கீழே அச்சிட்டதும் ஒரே படத்தில் தெரிகிறமாதிரி எடுத்து, பில்லோடு சேர்த்து அனுப்புங்கள். அந்தத் தம்பியும் அப்படித்தான் அனுப்பியிருக்கிறார்.