தாப்பாவில் ஒரு கல் வகுப்பு: சென்று வந்தவரின் மதிப்புரை

ஓய்வுபெற்ற நிலவியலாளர் ஒருவர் தாப்பாவில் தம் வீட்டு முன்கூடத்தில் ஞாயிறுதோறும் நடத்தும் கல் வகுப்புக்கு என் மகளுடன் சென்றிருந்தேன். ஆளுக்கு 40 ரிங்கிட். காலையில் லாத்தா இஸ்கண்டார் அருவிக்குப் பயணம். பிற்பகலில் நுண்ணோக்கிப் பயிற்சி. பாறைகள் குளிர்ந்த வரலாற்றைக் கொண்டு கண்டத்தின் மேலோடு எங்கே உடைந்தது, எங்கே உயர்ந்தது என்று அறிவதே பாடம். இதை நல்ல தமிழில் கேட்கக் கிடைத்தது பெரிய பேறு.

அருவியோரத்தில், வெள்ளைப் ஃபெல்ஸ்பார் படிகங்கள் பதிந்த கருங்கல்லிலிருந்து கருப்பு மைக்கா ஏடொன்றைக் குண்டூசியால் உரித்து என் மகளின் உள்ளங்கையில் வைத்தார். “இந்த மலைத்தொடரின் கல் உறைந்து 20 கோடி ஆண்டு ஆகிறதும்மா, ஆனால் அது மேலே ஏறி வந்த காலம் வேறு” என்றார். பொட்டாசியம் சிதைந்து உண்டாகும் ஆர்கான் வாயுவை இந்த மைக்கா ஏறத்தாழ 300 பாகை செல்சியசுக்குக் கீழே குளிர்ந்த பிறகே தன்னுள் தேக்கும். அப்படைட் என்னும் கனிமத்தில் யுரேனிய அணு பிளந்து பதிக்கும் தடமோ ஏறத்தாழ 110 பாகைக்குக் கீழேதான் நிலைக்கும். தேங்கிய வாயுவையும் தடங்களையும் அளந்தால், கல் அந்தந்தச் சூட்டுக்குக் கீழே குளிர்ந்து எவ்வளவு காலமாயிற்று என்று தெரியும்; அதுவே குளிர்ந்த வயது. கேமரன் மலையின் குளிரில், ரிங்லெட் வீட்டில் ஒரே இரவில் நெய் முன்னும் தேங்காய் எண்ணெய் பின்னும் உறைவதை அவர் உவமையாகச் சொன்னபோது, ஒரு கல்லுக்குள் பல கடிகாரங்கள் இருப்பது எனக்கு விளங்கிவிட்டது. செம்பனைக்கு இடும் பாறைப் பாஸ்பேட் உரத்தின் முதன்மைக் கனிமமும் அப்படைட்தான் என்பது எனக்குப் புதிய செய்தி.

நுண்ணோக்கிப் பயிற்சிக்காகவே மீண்டும் போகலாம். மெருகேற்றி நைட்ரிக் அமிலத்தில் நனைத்த அப்படைட் மணியில் தடங்கள் மெல்லிய கோடுகளாகத் தெரிந்தன. புதிய தடத்தின் நீளம் ஏறத்தாழ 16 மைக்ரோமீட்டர். 60 முதல் 110 பாகை வரையிலான சூட்டில் நெடுங்காலம் கிடந்த கல்லில் அது குறுகிவிடும். ஆகவே நீண்ட தடங்களே மிகுந்திருந்தால், கல் விரைவாகக் குளிர்ந்தது என்று பொருள்.

தரையில் உள்ள சூட்டுக்கு மேல், ஆழம் ஒரு கிலோமீட்டர் கூடினால் சூடு 25 முதல் 30 பாகை வரை ஏறுவதால், 110 பாகை என்பது ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் ஆழம். நிலப்பிளவு ஒன்றின் ஒருபுறம் குளிர்ந்த வயது இளமையாகவும் மறுபுறம் முதுமையாகவும் இருந்தால், இளமையான பக்கமே பிற்காலத்தில் அந்த ஆழத்திலிருந்து கூடுதலாக உயர்ந்தது என்று கொள்ளலாம்.

குறை இந்த இடத்தில்தான். பாடத்தின் உயிரான இப்பகுதிக்கு அரை மணி நேரமே ஒதுக்கினார். பிளவே அசையாமல், ஆறு அரித்து மேல்மண்ணை அகற்றினாலும் கல் குளிருமே என்று நான் கேட்ட பிறகே, அவ்விரண்டையும் பிரித்தறிய ஒரே கல் போதாது, பள்ளத்தாக்கு முதல் உச்சிவரை பல உயரங்களில் மாதிரி எடுக்க வேண்டும் என்று விளக்கினார். பொக் பாக் போன்ற பக்கவாட்டில் நகர்ந்த பிளவுகளில் ஆழம் அதிகம் மாறாததால், குளிர்ந்த வயது மட்டும் அந்த நகர்வைக் காட்டாது என்பதையும் கேட்டுத்தான் பெற்றோம். இவற்றைத் தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

நுண்ணோக்கி ஒன்றே இருப்பதால் எட்டுப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை, முன்கூட்டியே பதிந்துகொள்ளுங்கள். அருவிப் பாறை வழுக்கும், ரப்பர் காலணி அணிந்து செல்லுங்கள்.