18,000 போச்சு, குப்பிக்குள் வெறும் எண்ணெய்

நேற்று ராத்திரி ரத்த ரிசல்ட் வந்ததிலிருந்து வயிறு எரிகிறது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

டெஸ்டோஸ்டிரோன் ஊசியை வீட்டுக்கே அனுப்பும் ஆன்லைன் கடை ஒன்று. பெயர் போட மாட்டேன், இந்த மாதிரிக் கடைகள் மாதத்துக்கு ஒரு பெயரில் வரும். சிப்பியோனேட் (எண்ணெயில் கரைத்து வரும் டெஸ்டோஸ்டிரோன் வகை), மில்லிக்கு 200 மி.கி., 10 மில்லி குப்பி மூன்று. மொத்தம் 18,000.

மருந்துச் சீட்டு கேட்கவில்லை. அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். நம்ப வைத்தது ஒரு ஆய்வகச் சான்றிதழ்: முத்திரை, கையெழுத்து, பேட்ச் எண், தூய்மை 99 சதவீதம். கேட்ட அரை மணியில் வந்தது, பணம் போட்டுவிட்டேன். குப்பி வந்த அன்றைக்கு அந்த எண்ணை லேபிளோடு ஒப்பிட்டிருந்தாலே போதும். இரண்டும் வேறு வேறு.

வாரம் அரை மில்லி, அதாவது 100 மி.கி. சிப்பியோனேட்டின் அரை ஆயுள் (உடம்பில் பாதியாகக் குறைய ஆகும் நேரம்) சுமார் 8 நாள், ஐந்தாறு வாரத்தில் ரத்த அளவு நிலைக்கு வந்துவிடும். ஆறு வாரம் முடிந்து, அடுத்த ஊசி போடவேண்டிய காலையில், போடுவதற்கு முன் ரத்தம் கொடுத்தது. தொடங்கும் முன் டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 212 நானோகிராம். இப்போது 205. அதைவிடக் காட்டிக்கொடுத்தது எல்.ஹெச்., அதாவது விரையை டெஸ்டோஸ்டிரோன் சுரக்கச் சொல்லும் ஹார்மோன். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் போனால் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்.ஹெச். சுரப்பதை நிறுத்திக்கொள்ளும், ரிசல்ட்டில் கிட்டத்தட்ட பூஜ்யம் வரும். இங்கே 4.8 இருந்தது 4.9 ஆகியிருக்கிறது. மருந்து குறைவு என்றுகூடச் சொல்ல முடியாது. மருந்தே இல்லை.

கேட்டால் முதல் பதில், "உடம்பு பழகணும் சார், மூணு மாசம் பாருங்க." அடுத்தது, "டோஸை டபுள் பண்ணுங்க." அப்புறம், "உங்களுக்கு எல்லாம் ஈஸ்ட்ரோஜனா மாறிடுது." ஈஸ்ட்ரோஜனும் எல்.ஹெச்.ஐ அடக்கத்தானய்யா செய்யும்! இரண்டாவது குப்பியின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்ததைப் படம் பிடித்து அனுப்பினேன். "குளிருக்குக் கட்டியிருக்கும், சூடு பண்ணிக் குலுக்குங்க." இதில்தான் விஷமம், பாதி உண்மை. நல்ல சிப்பியோனேட்டும் குளிரில் படிகம் கட்டும். வெதுவெதுப்பாக்கிக் குலுக்கினால் கரைந்து தெளியும். இது கரையவில்லை, நூல் நூலாக மிதந்தது. 18,000-ஐத் திருப்பிக் கேட்ட அன்றே பிளாக்.

விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. சுருக்கமாக:

குப்பியின் அலுமினிய மூடியை விரலால் திருகிப் பாருங்கள். சுற்றினால் சீல் சரியில்லை, ஊசியை உள்ளே விடாதீர்கள். ஈரக் கட்டைவிரலால் தேய்த்து பேட்ச் எண் அழிந்தாலும் அதே கதைதான்.

போட்ட இடத்தில் சூடு, பரவும் சிவப்பு, காய்ச்சல் என்றால் தேய்த்துவிடாதீர்கள், அன்றே டாக்டரிடம் போங்கள்.

இரண்டு வெவ்வேறு நாள் காலையில் பார்த்தும் அளவு குறைவு என்று வராமல் ஊசியே வேண்டாம். குழந்தை வேண்டுமென்றால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள், இந்த ஊசி விந்தணுவைக் குறைக்கும். ஹீமாட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 54-ஐத் தாண்டினால் நிறுத்தவேண்டி வரும். சீட்டு இல்லாமல் விற்பவன் இதில் ஒன்றையும் கேட்கமாட்டான், 18,000 மட்டும் கேட்பான்.

ஏமாந்திருந்தால் குப்பியைத் தூக்கிப் போடாதீர்கள். பெட்டி, லேபிள், பணம் கட்டிய ரசீது, சாட் எல்லாம் புகாருக்கு வேண்டும். பிளாக் பண்ணுவதற்கு முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.